சர்வருக்குத் தாய்ப்பலகை மாற்றும் கைகள்
ஈஜிபுரா இளைஞர்களின் இரவு வேலை

"சர்வர்" என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர், தோளில் துண்டும் கையில் டம்ளர்களுமாக ஓட்டலில் ஓடி ஓடிப் பரிமாறும் தோழர்தான். 1964-ம் ஆண்டில் நாகேஷ் நடித்து வெளிவந்த "சர்வர் சுந்தரம்" படத்தை மறக்க முடியுமா? பிழைப்புத் தேடி பெங்களூருக்கு வந்த தமிழர்களில் எத்தனையோ பேர் அந்த வேலையில் தொடங்கி முன்னுக்கு வந்தவர்கள்.

இப்போது ரேஷன் கடையிலும், பாங்கியிலும், ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்திலும் இன்னொரு சர்வரின் பெயர் அடிபடுகிறது. "சர்வர் டவுன், நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறார்.

யார் இந்த சர்வர்? இதுவும் பரிமாறும் வேலைக்காரர்தான். நீங்கள் கேட்டதை உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கிற கம்ப்யூட்டர். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கும். ஆனால் இதுவும் சில சமயம் நோயில் படுத்துவிடுகிறது. அப்போது இரவென்றும் பகலென்றும் பாராமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வைத்தியர்கள் உண்டு. ஈஜிபுரா சந்துகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் சிலருக்கும் அதுதான் பிழைப்பு. அவர்கள் செய்கிற வேலைகளில் மிகவும் நுட்பமானது எது தெரியுமா? சர்வரின் தாய்ப்பலகையை மாற்றுவது!

அலமாரியில் படுத்திருக்கும் கம்ப்யூட்டர்

ஆபீஸ் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் போல சர்வர் நிமிர்ந்து நிற்காது. இரும்பு அலமாரியில் தட்டுத் தட்டாக, பரணில் அடுக்கிய பெட்டிகளைப் போலப் படுத்திருக்கும். அந்த அலமாரிக்கு "ராக்" என்று பெயர். அதன் முகப்பு அகலம் 19 அங்குலம். எந்த நாட்டில் செய்த சர்வரானாலும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். உயரத்தை "யு" என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு யு என்பது ஒன்றே முக்கால் அங்குலம். வழக்கமான ராக் ஒன்றில் 42 யு இடம் இருக்கும். அதாவது ஓர் ஆள் உயரம்.

பெட்டிக்குள் அடியில் பச்சை நிறத்தில் அகலமாகப் படிந்திருக்கும் மின்பலகைதான் மதர்போர்டு என்கிற தாய்ப்பலகை. கணக்குப் போடும் பிராசசர், நினைவில் வைக்கும் மெமரி, வெளியுலகத்தோடு பேசும் கேபிள்கள் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் தாய் படுத்தால் வீடே நின்றுவிடுவது போல, இந்தப் பலகை பழுதானால் மற்றவை எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை.

கம்பெனி போனது, தொழில் பிறந்தது

பழுது பார்க்கும் இந்தத் தொழில் நம் நாட்டில் பெரிய அளவில் வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1973-ம் ஆண்டில் வந்த அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி அதற்கு இணங்கவில்லை. ஜனதா ஆட்சிக் காலத்தில், 1978-ம் ஆண்டில், மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனால் அது கொடுத்திருந்த கம்ப்யூட்டர்கள் இங்கேயே இருந்தன. பழுதானால் பார்ப்பது யார்?

அந்தப் பொறுப்பை ஏற்றது 1975-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. வேறொருவர் செய்த எந்திரத்தை நம் ஊர் என்ஜினீயர்கள் திறந்து பார்த்து, படித்து, ஓட வைத்தார்கள். அந்த நிறுவனம் 2001-ல் டாட்டா குழுமத்தின் கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ். கம்பெனியோடு இணைந்துவிட்டது. ஆனால் அது வளர்த்த தொழில் நிலைத்துவிட்டது.

குமாஸ்தா வேலை பார்த்த பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பாங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் போராடிய காலம் அது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1983-ல் ஒப்பந்தம் ஏற்பட்டு, கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. பேரேடு எழுதிய கைகளின் வேலை மாறியது. எந்திரத்தைக் காக்கும் கைகளுக்குப் புதிதாக வேலை வந்தது.

ஏன் ஈஜிபுரா?

கோரமங்களாவுக்கும் விவேக் நகருக்கும் தொம்மலூருக்கும் நடுவில் இருக்கிறது ஈஜிபுரா. ஒரு பக்கம் ஓசூர் ரோடு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி. இன்னொரு பக்கம் பழைய விமான நிலைய ரோடு வழியாக ஒயிட்பீல்டு. மகாத்மா காந்தி ரோடும் பக்கம்தான். சர்வர்கள் நிறைந்த இடங்களுக்கெல்லாம் நடுமையம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞனுக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

இந்தப் பகுதிக்குத் தமிழர்களோடு உள்ள உறவு நேற்று வந்ததல்ல. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் பலர் இங்கேதான் குடியேறினார்கள். ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு இங்கே 2013 ஜனவரியில் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்ற காட்சியை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017-ல் தொடங்கிய மேம்பால வேலை ஆண்டுக் கணக்கில் இழுத்ததையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே வண்டியை வளைத்து வளைத்து ஓட்டிப் பழகியவர்களுக்கு, கெடு வைத்து ஓடும் வேலை புதிதல்ல.

நாலு மணி நேரக் கெடு

ஆம், கெடுதான். சர்வர் வாங்கும்போதே பராமரிப்பு ஒப்பந்தம் போடுவார்கள். சிலருக்கு "அடுத்த வேலை நாள்" என்று இருக்கும். ஆஸ்பத்திரி, பாங்கி போன்ற இடங்களுக்கு "நாலு மணி நேரம்" என்று இருக்கும். புகார் பதிவானதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பொருள் கிடங்கிலிருந்து வரும். என்ஜினீயர் தன் வீட்டிலிருந்து வருவார். இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும். ராத்திரி இரண்டு மணி என்றாலும் கணக்கு இதுதான்.

சர்வர் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பகலில் நிறுத்தினால் ஆபீஸ் நின்றுவிடும் அல்லவா?

பழுது அங்கேதானா?

கைதேர்ந்தவர் போனவுடன் ஸ்குரூ டிரைவரை எடுக்க மாட்டார். முதலில் விசாரணை. சர்வருக்குள் சிறியதாக ஒரு காவல்காரக் கம்ப்யூட்டர் உண்டு. டெல் கம்பெனியில் அதற்கு "ஐ-டிராக்" என்று பெயர். எச்.பி.இ. கம்பெனியில் "ஐ-லோ". பெரிய எந்திரம் அணைந்து கிடந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை இந்தக் காவல்காரர் விழித்திருப்பார். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சூடு ஏறியது, எங்கே மின்னழுத்தம் குறைந்தது என்று டைரி எழுதி வைத்திருப்பார். அதைப் படிக்க வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு பிராசசர், ஒரு மெமரி, ஒரு பவர் சப்ளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பார். அப்போது ஓடினால் குற்றவாளி தாய்ப்பலகை அல்ல. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் திருடன் அகப்படுவான். இந்தச் சோதனையைச் செய்யாமல் பலகையை மாற்றிவிட்டு, பழுது தீராமல் விடிய விடிய விழித்தவர்கள் உண்டு.

இன்னொரு பெரிய ஆபத்து, ஆள் மாறாட்டம். ஒரே மாதிரிப் பெட்டிகள் இருபது அடுக்கியிருக்கும் ராக்கில், நோயாளியை விட்டுவிட்டு நல்ல உடம்புக்காரரை வெளியே இழுத்தால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருந்த ஆபீசும் நின்றுவிடும். அதற்காகவே ஒவ்வொரு சர்வரிலும் ஓர் அடையாள விளக்கு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பொத்தானை அழுத்தினால் பின்பக்கமும் நீல விளக்கு எரியும். விளக்கையும் பெட்டியின் வரிசை எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் கேபிளில் கை வைக்க வேண்டும்.

விரல் நுனியில் மின்சாரம்

சர்வருக்கு மின்சார வயர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ஆகவே கழற்றும்போது இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பலகையில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட வேண்டும்.

நம் உடம்பிலும் மின்சாரம் தேங்கும். செருப்புக் காலோடு நடந்தாலே போதும். குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றில் இது அதிகம். கதவுப் பிடியைத் தொடும்போது "சுருக்" என்கிறதே, அதுதான். அந்தச் சுருக்கை நாம் உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் பலகையில் உள்ள சில சில்லுகளைக் கெடுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும்! அதாவது, நமக்குத் தெரியாமலேயே நம் விரல் அதைக் கொன்றுவிடும். உடனே செத்தால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாக அடிபட்டு, மூன்று மாதம் ஓடி, ஒருநாள் திடீரென்று நிற்கும். காரணம் யாருக்கும் விளங்காது.

இதற்குத்தான் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரைப் பெட்டியின் இரும்பில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வயரில் ஒரு மெகா ஓம் தடை சேர்த்திருப்பார்கள். உடம்பின் மின்சாரம் மெல்ல வடியவும், தவறிப்போய் வெளி மின்சாரம் பட்டால் ஆள் தப்பிக்கவும் இந்த ஏற்பாடு. "அவசரத்தில் பட்டை எதற்கு?" என்பவர் கெட்டிக்காரர் அல்ல.

4,677 ஊசிகள்

இனி அறுவைச் சிகிச்சை. மேல்மூடியைத் திறந்ததும் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். எந்தக் கேபிள் எங்கே, எந்த மெமரி எந்தக் குழியில் என்று பிறகு சந்தேகம் வராது. காற்றுக்கூண்டு, மின்விசிறிகள், உபரி அட்டைகள், மெமரி என்று வரிசையாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும்.

கடைசியாகப் பிராசசர். அதன் மேல் "ஹீட் சிங்க்" என்ற உலோகக் கட்டி அமர்ந்திருக்கும். பெரிய சர்வர் பிராசசர்களில் சில 350 வாட் வரை சூடு கக்கும். ஆறு குண்டு பல்புகளின் சூடு, உள்ளங்கை அளவு இடத்தில்! அந்தச் சூட்டை உறிஞ்சி எடுப்பதுதான் ஹீட் சிங்கின் வேலை. அதன் ஸ்குரூக்களை இஷ்டப்படி திருகக் கூடாது. மேலேயே 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். எதிர் எதிர் மூலையாக, அந்த வரிசையில்தான் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் அடியில் உள்ளது நசுங்கும். பழைய பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதுப் பசை வைக்க வேண்டும்.

பிராசசரைத் தூக்கினால் அடியில் தெரிவதுதான் உயிர்நிலை. தாய்ப்பலகையின் சாக்கெட்டில் தலைமுடியைப் போல மெல்லிய ஊசிகள். 2023-ல் வந்த இன்டெல் ஜியான் சர்வர்களின் சாக்கெட்டில் இவை 4,677. 2022 கடைசியில் வந்த ஏ.எம்.டி. சாக்கெட்டில் 6,096. பூக்கட்டும் நாரைவிட மெல்லியவை. இதில் ஒன்று வளைந்தாலும் பலகை போச்சு. சட்டைக் கையின் நூல் மாட்டினால் போதும், ஒரு வரிசையே சாய்ந்துவிடும்.

புதிய பலகையின் சாக்கெட் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் குப்பையில் போடக் கூடாது. கழற்றிய பழைய பலகையின் சாக்கெட்டில் மாட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வழியில் ஊசி வளைந்து, பழி என்ஜினீயர் தலையில் விழும்.

கறுத்துப் போகும் வெள்ளி

நல்ல பலகை ஏன் கெடுகிறது? சூடு, தூசு, மின்சார ஏற்ற இறக்கம் என்று பல காரணங்கள். நம் ஊர்களுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது.

2006 ஜூலையில் ஐரோப்பா, மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. உலகமே அதைப் பின்பற்றியது. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஈயம் போன இடத்தில் சில பலகைகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. வெள்ளிக்கு எதிரி கந்தகம். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப் போகிறதே, அதே சங்கதிதான். சாக்கடை வாயுவிலும் புகையிலும் கந்தகம் இருக்கிறது. ஆசிய நகரங்கள் சிலவற்றில் இதனால் சர்வர்கள் அதிகம் பழுதாவதை அமெரிக்காவின் குளிர்சாதன என்ஜினீயர்கள் சங்கமான ஆஷ்ரே எடுத்துக்காட்டியது. சர்வர் அறையில் வெள்ளித் தகடும் செப்புத் தகடும் தொங்கவிட்டு, ஒரு மாதத்தில் எவ்வளவு அரிக்கிறது என்று அளக்கும் முறையும் வந்தது.

ஈஜிபுராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெல்லந்தூர் ஏரி. சாக்கடை கலந்து நுரை பொங்கி, 2018 ஜனவரியில் ராணுவத்தார் வந்து தீயணைக்க வேண்டியிருந்த ஏரி. அப்படிப்பட்ட காற்று நுழையும் இடத்தில், சாதாரண ஜன்னல் அறையில் சர்வரை வைத்துவிட்டு, "போர்டு அடிக்கடி போகிறது" என்று கம்பெனியைத் திட்டினால் நியாயமாகுமா?

உயிர் வந்த பிறகுதான் பரீட்சை

புதிய பலகை உட்கார்ந்தது. மின்சாரம் கொடுத்தாயிற்று. திரை இருட்டாகவே இருக்கிறது. புதியவர் இங்கே பதறிவிடுவார். உண்மையில் எந்திரம் தன் மெமரியை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டிருக்கும். பல நிமிஷங்கள் ஆகும். அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தாமல் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

அடுத்து, புதிய பலகைக்குத் தான் யார் என்று தெரியாது. சர்வரின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும். டெல் பவர்எட்ஜ் சர்வர்களில் "ஈஸி ரெஸ்டோர்" என்ற வசதி இதைப் பெரும்பாலும் தானே மீட்டுக் கொடுக்கும். எச்.பி.இ. புரோலையன்ட்டில் வரிசை எண்ணையும் பொருள் எண்ணையும் கையால் பதிய வேண்டியிருக்கும். ஆகவே கழற்றுமுன் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஆபீஸ் சர்வர்களில் வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் நேரம் பிசகினால், காலையில் ஊழியர்களின் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. நெட்வொர்க் முகவரியும் புதிய பலகையோடு மாறியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, பூட்டுச் சாவி. சில ஆபீஸ்களில் டிஸ்க் முழுவதையும் "பிட்லாக்கர்" என்ற பூட்டால் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டு, தாய்ப்பலகையில் உள்ள டி.பி.எம். என்ற சில்லோடு சேர்ந்தது. பலகை மாறினால் சர்வர் அன்னியனைக் கண்டதுபோல் நின்று, 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கே? "போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் எழுதி வைத்தார்" என்று பதில் வந்தால், வேறு எங்கும் நகல் இல்லாத சரக்கு கண் முன்னே இருந்தும் கைக்கு எட்டாது. ஆகவே ஸ்குரூவைத் தொடுமுன் அந்த எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் "ரெய்டு" அமைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. அதை நடத்தும் அட்டை மாறிவிட்டால், "இங்கே அன்னிய அமைப்பு இருக்கிறது, சேர்த்துக்கொள்ளவா, நீக்கிவிடவா?" என்று எந்திரம் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் "நீக்கு" என்று அழுத்தினால், ஒரு நொடியில் ஆபீசின் பல வருஷக் கணக்கு ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்தி, மேலதிகாரிக்குப் போன் போட வேண்டும். ராத்திரி மூன்று மணி என்று தயங்கக் கூடாது.

வளைந்த ஊசியை மறைக்கலாமா?

இந்த இளைஞர்களில் பலர் சர்வர் செய்த கம்பெனியின் நேரடி ஊழியர்கள் அல்ல. காண்டிராக்டரிடம் வேலை பார்ப்பவர்கள். ஒரு சர்வர் பலகை சாதாரணச் சம்பளக்காரரின் பல மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். ஊசி வளைந்துவிட்டால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடலாமா என்று மனம் குரங்காய்த் தாவும்.

சொல்லக் கூடாது. பழைய பலகை குப்பைக்குப் போவதில்லை. திரும்பிப் போய்ச் சோதிக்கப்படும். பொய் வெளிப்பட்டால் பலகையோடு பெயரும் போகும். புதுப் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், மூடியைத் திறந்து, ஆபீஸ்காரர் முன்னிலையில் ஊசிகளைப் படம் எடுத்துவிட வேண்டும். பிறகு எந்தத் தகராறு வந்தாலும் அந்தப் படம் பேசும். தவறு தன்னுடையதே என்றால் அப்போதே சொல்லி, வேறு பலகை வரவழைக்க வேண்டும். ஒரு மணி நேர அவமானம், ஒரு ஆபீசின் ஒரு நாள் முடக்கத்தைவிட மேல்.

காண்டிராக்டர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு இரவுகள் தொடர்ந்து விழித்தவனை மூன்றாம் இரவும் அனுப்பினால் அவன் விரல் நடுங்கும். நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிப்பதைவிட, அவனுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது லாபம். முப்பது கிலோ எடையுள்ள சர்வரைத் தனி ஆளாகத் தூக்கச் சொல்வதும் தகாது. இரண்டு பேரை அனுப்ப வேண்டும்.

தொழில் கற்க விரும்புவோருக்கு

இதற்குப் பெரிய பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. டிப்ளமா அல்லது ஐ.டி.ஐ. படித்து, பொறுமையும் ஆங்கிலக் கையேட்டைப் புரிந்துகொள்ளும் திறமையும் இருந்தால் நுழையலாம். கம்பெனிகள் தங்கள் சர்வர்களின் கையேடுகளை இன்டர்நெட்டில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எஸ்.பி. ரோடு கடைகளில் பழைய பலகை ஒன்றை மலிவாக வாங்கி, நூறு தடவை கழற்றி மாட்டிப் பழகலாம். அங்கே வளைகிற ஊசிக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சர்வரின் வரிசை எண், ஒப்பந்தம் முடியும் தேதி, அந்த 48 இலக்க எண், கடைசியாக நகல் எடுத்த நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, சர்வரிலேயே வைக்காமல், பீரோவில் பூட்டி வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். நடு இரவில் பையோடு வந்து நிற்கும் தம்பிக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு டம்ளர் காப்பியைவிட அந்தத் தாள் பெரிய உதவி. காப்பியும் கொடுங்கள்!